காற்று மன்னாருடையது, பெருமை எவருடையது?

கொழும்பு வீதிகளில் மின்சாரக் கார் ஓட்டுவோர், தாம் ஒரு துளிப் புகையும் கக்காத தூயவர் என்று மார்தட்டுகின்றனர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதித் தடை நீங்கிய பின் இப்பெருமிதம் மேலும் ஓங்கிற்று. பாதிச் சாட்சியம் கேட்டுத் தீர்ப்பளிக்கும் நீதிபதியை எவரேனும் ஏற்பரோ? புகைக்குழாய் இல்லை என்பது பாதிச் சாட்சியம். மின்சாரம் எங்கே பிறந்தது என்பது மீதிப் பாதி.

பெற்றோலின் சக்தியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கே சக்கரத்தைச் சேரும். மற்றது வெப்பமாய்ப் பாழாகும். மின்சாரக் காரோ, ஏற்றிய மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்களவை ஓட்டமாக்கும். இதனை மறுப்பாரில்லை. ஆனால் நுரைச்சோலையில் நிலக்கரி எரித்து ஓரலகு மின்சாரம் ஆக்க, ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வானேறும். அவ்வலகில் சிறிய கார் ஆறேழு கிலோமீற்றர் ஓடும். ஒரு லீற்றர் பெற்றோல் கக்குவது 2.3 கிலோ; ஓட்டமோ பதினைந்து கிலோமீற்றர். வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் கிலோமீற்றருக்கு 150 கிராம் அளவே! நிலக்கரியில் ஓடும் காருக்குத் தூய்மைப் பட்டம் ஏது?

அப்பட்டத்தை வழங்குவன ஆற்றுநீரும் வெயிலும் காற்றுமே. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பெற்ற தம்பபவனியின் 30 காற்றாடிகள் 103.5 மெகாவற் ஆற்றலுடையன. சோளகம் நமது. அதனால் வரும் புகழ் கொழும்பினது!

காற்றாடிகளுக்கிட்ட பாதைகள் மழைநீர் வடியும் வழியை அடைத்தன, கரையில் மீன் குறைந்தது என்று தீவு மக்கள் முறையிட்டனர். மேலும் காற்றாடிகள் நடுவதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் வீதிக்கிறங்கினர். செப்டெம்பரில் பொலீஸ் துணையுடன் பாகங்கள் தீவினுள் கொண்டுசெல்லப்பட்டன. இதுவோ மக்களாட்சி?

காற்றாலையே வேண்டாமென்பதன்று எமது வாதம். மண்ணெண்ணெயில் வள்ளம் செலுத்தும் பேசாலை மீனவர், 2022 ஆகஸ்டில் அது லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியதை மறந்திலர். முருங்கன் கமக்காரர் டீசலுக்கு வரிசையில் நின்றதும் அவ்வாண்டே. தலைக்குமேல் சுழலும் காற்றாடியால் இவர்கள் கண்ட பயன் யாது?

தீவு மக்களின் இணக்கமின்றி ஒரு தூணும் நடலாகாது. மின்சாரம் விற்ற வருவாயில் ஒரு பங்கு, அமைச்சரின் தயவாலன்றிச் சட்டத்தின் பிரிவால், மன்னாரின் உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஆண்டுதோறும் வந்தாகவேண்டும். முச்சக்கர வண்டியும் நீரிறைக்கும் பம்பியும் முதலில் இங்கே மின்சாரத்துக்கு மாறட்டும். கொழும்புக் கார்கள் அதன்பின் வரிசையில் நிற்கட்டும்.