பாதி விலைக்கு வந்த காட்ஸில்லா

அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு வருகிற பஸ்ஸில், டிக்கோயா தாண்டுவதற்குள் ஆரம்பித்த சண்டை நோர்வூட்டில் ஆள் இறங்கி ஏறியும் முடியவில்லை. எங்களில் ஒருத்தனுடைய போன் கவரில் நிசான் ஜி.டி.-ஆர் படம் இருக்கிறது. இன்னொருத்தன் போர்ஷே கட்சி. இரண்டு காரையும் இரண்டு பேருமே நேரில் பார்த்ததில்லை, அது வேறு கதை. பக்கத்து சீட்டில் கேட்டுக்கொண்டே வந்த அக்கா ஒருவர், "தம்பி, அந்தக் கார் நம்ம ரோட்டுல வருமா?" என்றார். இரண்டு கட்சியும் வாயை மூடிக்கொண்டன.

பஸ்ஸில் முடியாததை இங்கே எழுதி முடிக்கலாம் என்று உட்கார்ந்தோம். முதலிலேயே சொல்லிவிடுகிறோம், நாங்கள் ஜி.டி.-ஆர் பக்கம். முழுசாக இல்லை. ஆனால் அந்தப் பக்கம்தான்.

கதை தெரியாதவங்களுக்கு: 2007 ஒக்டோபரில் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் நிசான் இந்தக் காரை இறக்கியது. தலைமைப் பொறியியலாளர் கசுதொஷி மிசுனோ. போர்ஷே 911 டர்போதான் எங்கள் அளவுகோல் என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை. வேகமான கார், அதேநேரம் மழையிலும் வெயிலிலும் தினம் ஓட்டக்கூடிய கார் என்றால் உலகம் முழுக்க அந்த 911 டர்போவைத்தான் கை காட்டுவார்கள். இரண்டுக்கும் குதிரைவலு ஏறக்குறைய ஒன்றுதான், 480. ஆனால் விலை? அமெரிக்காவில் 2008இல் ஜி.டி.-ஆர் 69,850 டொலர். போர்ஷே 1,20,000 டொலருக்கும் மேலே.

இதுல வேடிக்கை, நிசான் கார் எடை கூடினது. 1,740 கிலோ. போர்ஷேயைவிட 150 கிலோவுக்குக் கிட்ட அதிகம். கனமான கார் எப்படி வேகமாக வளையும் என்று எல்லோரும் கேட்டார்கள். டயர் ரோட்டைப் பிடிக்க எடை வேணும் என்று மிசுனோ வாதாடினார். இன்ஜின் முன்னால், கியர்பொக்ஸ் பின்னால், நாலு சக்கரத்துக்கும் இழுவை, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர். அதற்காக எல்லாமே மெஷின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. யொகோஹாமா ஆலையில் ஒரு இன்ஜினை ஒரே கைவினைஞர்தான் முதலிலிருந்து கடைசி வரை பூட்டுவார்.

2008 ஏப்ரலில், ஜெர்மனியில் இருக்கிற நூர்பர்க்ரிங் ஓடுபாதையில் தொஷியோ சுசுகி இந்தக் காரை ஓட்டினார். சுமார் 20.8 கிலோமீற்றர், 70க்கு மேற்பட்ட முடக்கு. மலை, காடு, மேடு, இறக்கம் எல்லாம் கலந்த ரோடு. (படத்தில் பார்த்தால் நம்ம ஊர் ரோட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும், குழிதான் இல்லை.) நேரம் 7 நிமிடம் 29 செக்கன். போர்ஷேயின் 911 டர்போ அதே பாதையில் எடுத்தது ஏறக்குறைய 7:40.

அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. போர்ஷே அமெரிக்காவில் ஒரு ஜி.டி.-ஆரைக் காசு கொடுத்து வாங்கி, தங்கள் ஓட்டுநரை வைத்து ஓடிப் பார்த்தது. அந்த வருசமே 911 பிரிவின் பொறுப்பாளர் அவுகுஸ்ட் அஹ்லைட்னர் முடிவைச் சொன்னார்: 7:54. 25 செக்கன் வித்தியாசம். கடையில் விற்கிற டயரா அது என்ற சந்தேகமும் கிளம்பியது. நிசான், கார் விற்பனைக்கு வருகிற கார்தான், டயரும் அதே டயர்தான் என்று பதில் சொன்னது.

யார் சொன்னது சரி? உண்மையைச் சொன்னால், இரண்டு பேருமே தங்கள் கடிகாரத்தைத் தாங்களே பிடித்தவர்கள். அந்தக் காலத்தில் கம்பனி சொல்கிற நேரத்தை நின்று பார்த்துக் கையெழுத்துப் போட நடுவில் ஆள் இல்லை. நூர்பர்க்ரிங் நிர்வாகமே சாட்சியோடு அளக்கும் ஒழுங்கு 2019இல்தான் வந்தது. ஓட்டுகிற ஆள், அன்றைய வெயில், ரோட்டின் ஈரம் எல்லாமே நேரத்தை மாற்றும். அதனால் போர்ஷே சந்தேகப்பட்டதைத் தப்பு என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது. ஜி.டி.-ஆர் 1,50,000 டொலருக்கு வந்திருந்தால் இந்த டயர் விசாரணை நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறோம். விலை கூடினது ஜெயித்தால் திறமை. விலை குறைந்தது ஜெயித்தால், "எங்கயோ இடிக்குதே."

தோட்டத்தில் பிறந்தவங்களுக்கு இந்தத் தொனி புதுசு இல்லை. லயத்துப் பிள்ளை நல்ல ரிசல்ட் எடுத்தால் "எங்க டியூஷன் போன?" என்பதுதான் முதல் கேள்வி. தராசு கதை அதற்கும் பழசு. அம்மாமார் நாள் முழுக்க எடுத்த கொழுந்தைக் கொண்டுபோய் நிறுக்கிற இடத்தில், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகுதான் கிலோ. தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிற அந்தக் கிலோ வந்தால் முழுப் பேர், வராவிட்டால் அரைப்பேர். தராசு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் நிறை. அதனால்தான் 7:29ஐ விட, அதை யார் அளந்தார்கள் என்பதில் எங்களுக்குப் பிடிப்பு அதிகம்.

இன்னொரு உதாரணம் தினம் கண் முன்னால் ஓடுகிறது. டிமோ பட்டா வந்த புதுசில், இது மலை ஏறுமா, டொயோட்டா மாதிரி வருமா என்று சிரித்ததாக எங்கள் அப்பாமார் சொல்வார்கள். இப்போது மரக்கறி, காஸ் சிலிண்டர், கல்யாணச் சாமான் எல்லாம் அதில்தான் ஏறுகிறது. யாரும் அதற்கு நேரம் பிடிக்கவில்லை. ஏறியது, அவ்வளவுதான்.

சரி, முழுசாக ஜி.டி.-ஆர் பக்கம் இல்லை என்று ஏன் சொன்னோம்? அந்தக் கார் மலிவாகவே இருக்கவில்லை. பேர் வாங்கியதும் விலை ஏறத் தொடங்கியது. சில வருடத்தில் 1,00,000 டொலரைத் தாண்டியது. 2020 நிஸ்மோ வகை 2,10,000 டொலருக்கும் மேலே, பல போர்ஷேக்களைவிட அதிகம். காசுக்காரன் மட்டும் ஓட்டுவதா என்று கேட்டு வந்தவன், கடைசியில் அந்தக் கடைக்குப் பக்கத்திலேயே கடை போட்டுவிட்டான். 2025 ஓகஸ்டில் உற்பத்தியும் நின்றது. 18 வருடத்தில் சுமார் 48,000 கார். 911 இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. போர்ஷே கட்சிக்காரன் இதை வாசித்துவிட்டுச் சிரிப்பான், சிரிக்கட்டும்.

"மலிவு" என்ற சொல்லையும் கொஞ்சம் நிறுத்துப் பார்க்கணும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் அந்த 69,850 டொலர் 2 கோடியே 9 லட்சம் ரூபாய். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாள் சம்பளத்தில் 15,500 நாள் பேர் போடணும், சாப்பிடாமல். அதுவும் வரி இல்லாமல். நம் நாட்டில் இன்ஜினின் சிசியைப் பார்த்து வரி ஏறும். 3.8 லீற்றர் இன்ஜினுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. 2020இல் இறக்குமதியை நிறுத்தி 2025இல் திறந்த பிறகு, பழைய ஆல்டோ வாங்கவே ஆட்கள் லீசிங் தேடி அலைகிறார்கள்.

அப்புறம் எதுக்குடா இந்தச் சண்டை என்று கேட்கலாம். எங்களுக்கு அந்தக் கார் டவுனில் இருந்த கேம் கடையில்தான் அறிமுகம். கிரான் டுரிஸ்மோவில் ஓட்டி ஓட்டி நூர்பர்க்ரிங் முடக்கு எல்லாம் மனப்பாடம். அந்த விளையாட்டைச் செய்த பொலிஃபனி டிஜிட்டல்தான் நிஜ ஜி.டி.-ஆரின் டாஷ்போர்டுத் திரையையும் வடிவமைத்தது என்று பிறகு தெரிந்தபோது, ஏதோ சொந்தக்காரன் வேலைக்குச் சேர்ந்த மாதிரி சந்தோசப்பட்டோம். நிஜ ரேஸ் பார்க்கணும் என்றாலும் தூரம் போக வேண்டியதில்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது, ரதெல்லவிலும் ஓடுகிறார்கள், இரண்டுமே தேயிலைக்கு நடுவில். அங்கே சிசி பார்த்து வகுப்புப் பிரிப்பார்கள். ஆனால் வேலியோரம் நிற்கிறவங்க வகுப்பைப் பார்ப்பதில்லை. சின்ன இன்ஜின் கார் ஒன்று பெரிய காரின் நேரத்துக்குக் கிட்ட வந்தால் போதும், விசில் அதற்குத்தான்.

ஆனா ஒண்ணு, அந்த விசிலைக் கேட்டுட்டு வந்து நோர்வூட் ரோட்டுல பைக்கை முறுக்குற தம்பிமாருக்கு: மூடிய ரோட்டில், ஹெல்மெட்டும் அம்புலன்ஸும் வைத்து ஓடுவதைத்தான் நாங்கள் சொல்கிறோம். பனி மூட்டத்தில் எதிரே கொழுந்து லொறி வருகிற முடக்கில் யாரும் நேரம் பிடிக்க மாட்டாங்க.

பஸ்ஸில் கேட்ட அக்காவுக்குப் பதில் சொல்லாமல் இறங்கிவிட்டோம். வராது அக்கா. போர்ஷேயும் வராது, ஜி.டி.-ஆரும் வராது. எங்கள் லயத்துக்குத் திரும்புகிற முதல் முடக்கிலேயே இரண்டுக்கும் அடி தட்டிவிடும்.