தரைக்கு ஒரு நீதி, மாடிக்கு ஒரு நீதியா?

தாராவிச் சீரமைப்பு பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "வீடு கிடைக்குமா?" இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். எங்கே கிடைக்கும்? எந்த உரிமையில் கிடைக்கும்? 40 ஆண்டுகளுக்கு மேல் இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மூன்று வகை

அதானி குழுமம் 80 பங்கும் மராட்டிய அரசு 20 பங்கும் கொண்ட நிறுவனம் இந்தத் திட்டத்தை நடத்துகிறது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச் மாதம் தொடங்கியது.

அரசு வகுத்த விதி இதுதான். 2000 ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 ஜனவரி 1 வரை வந்த தரைத்தளத்தாருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு; அதற்கு இரண்டரை லட்ச ரூபாய் கட்ட வேண்டும். அதற்கும் பிறகு 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. தவணை கட்டி அதைச் சொந்தமாக்கிக் கொள்ளலாம்.

இதன் பொருள் என்ன? 1985-ல் வந்து மாடியில் தங்கியவரும், 2020-ல் வந்து கீழே தங்கியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வாழ்ந்த ஆண்டுகள் தரையில் கணக்காகின்றன, மாடியில் கணக்காவதில்லை.

மாடி எப்படி வந்தது?

நெல்லைச் சீமையிலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர்கள் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்தச் சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள். நிலத்தை மண் கொட்டி மேடாக்கியவர்கள் குடியிருந்தவர்களே. குடும்பம் பெருகியது, நிலம் பெருகவில்லை. மகனுக்குக் கல்யாணம் என்றால் இரும்புக் கம்பி நட்டுத் தகரம் அடித்து மேலே ஓர் அறை எழுப்பினார்கள். ஊரிலிருந்து வந்த தம்பிக்கும் மைத்துனனுக்கும் அந்த ஏணிப்படிதான் வழி காட்டியது. பிறகு அது வாடகைக்கு விடப்பட்டது. இன்று இட்லி சுமந்து விற்பவர், முறுக்கு சுற்றும் பெண்கள், பட்டறைத் தொழிலாளி, சிறு குமாஸ்தா எனப் பலர் அந்த மாடி அறைகளில்தான் இருக்கிறார்கள்.

அரசின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. முந்தைய குடிசை மாற்றுத் திட்டங்களில் மாடிக்கு எந்தக் கணக்குமே கிடையாது. இப்போதுதான் ஏதோ ஒன்று தரப்படுகிறது. சுமார் 600 ஏக்கரில் எல்லோரையும் திரும்பக் குடியமர்த்த இடம் போதாது என்கிறார்கள். அந்த வாதம் உண்மை என்றே வைத்துக் கொள்வோம். இடம் போதாதபோது யாருக்கு முதலிடம் என்பதை, வாழ்ந்த காலம் தீர்மானிக்க வேண்டுமா, ஏணிப்படி தீர்மானிக்க வேண்டுமா?

தூரமும் பிழைப்பும்

தாராவியின் ஒருபுறம் மாகிம் ரயில் நிலையம், மறுபுறம் சயான். விடியற்காலை நான்கு மணிக்கு அவித்த இட்லி ஆறு மணிக்குள் தெருவுக்குப் போய்விடும். மாற்று இடங்களாகப் பேசப்படுபவை தேவ்னார் குப்பை மேடும், முலுண்டும், உப்பளங்களும். அங்கிருந்து இந்த வியாபாரம் நடக்குமா?

டெல்லி ஜங்புரா மதராசி கேம்ப்பை நினைத்துப் பாருங்கள். பாரபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த அந்தத் தமிழர் குடியிருப்பு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1-ந் தேதி இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள் இருந்த இடத்தில் முதலில் தகுதி பெற்றவை 189 குடும்பங்களே. அவர்களுக்கும் வீடு கிடைத்தது நகரின் வடமேற்குக் கோடியில், நரேலாவில். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை செய்த தெருக்கள் எட்டாத தூரமாயின. தகுதி கிடைத்தவர் பிழைப்பை இழந்தார். கிடைக்காதவர் கூரையையும் இழந்தார்.

செய்ய வேண்டியது

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. 2000-க்கு முன்பிருந்தே மாடியில் வாழ்பவர் அதை மெய்ப்பித்தால், தரைத்தளத்தாருக்கு உள்ள உரிமை அவருக்கும் வேண்டும். வெளியே தரும் வீட்டுக்கு மாத வாடகை எவ்வளவு, எத்தனை ஆண்டு தவணை என்பதை வீட்டைக் காலி செய்யும் முன்பே எழுத்தில் தர வேண்டும். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் முதலில், குடியேற்றம் பிறகு.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. ரேஷன் கார்டில் முத்து, ஆதாரில் முத்துலிங்கம், லைட் பில்லில் வேறொருவர் பெயர்! முன்னெழுத்து போடும் நம் வழக்கமும், குடும்பப் பெயர் கேட்கும் மும்பை அலுவலக வழக்கமும் சேர்ந்து செய்யும் குழப்பம் இது. ஊரில் சலுகை கிடைக்கிறதே என்று கார்டையும் ஓட்டையும் அங்கே மாற்றிக் கொண்டவர்கள், இங்கே வாழ்ந்ததற்கான சாட்சியைத் தாமே அழித்துக் கொள்கிறார்கள். மாடியில் இருப்பவர் பதிவு செய்த வாடகை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்காரர் தயங்கினால் தனியாகப் போய்க் கெஞ்சாதீர்கள். சந்தில் உள்ள குடித்தனக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து பேசுங்கள். பட்டியலில் பெயர் விட்டுப் போயிருந்தால் கெடு முடிவதற்குள் மறுப்பு மனு கொடுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

தரைத்தளத்தில் இருக்கும் தமிழர் தமக்கு வீடு உறுதி என்று ஒதுங்கி நிற்பது தகாது. மேலே இருப்பவர் அவருடைய ஊர்க்காரர். பல வீடுகளில் அவருடைய சொந்த மகன்.