கண்ணில் படாத வண்டி

அமெரிக்கப் புறநகர் ஒன்றில், தன் வீட்டு வாசலில் தன் வண்டியை நிறுத்த ஒருவர் யாரிடம் அனுமதி பெற வேண்டும்? இலக்கியம் பேசும் இடத்தில் வாகன நிறுத்தத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அமெரிக்க மனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் இரு பெருங்கதைகளான நெடுஞ்சாலையும் சொந்த வீடும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடம் இந்த வாசல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆர்.வி. என்று இங்கே அழைக்கப்படுவது ஓடும் வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. இருபதடி வேன் முதல் நாற்பத்தைந்து அடிப் பேருந்து வரை பல வகைகள். பெரியவற்றின் உயரம் பன்னிரண்டு, பதின்மூன்று அடியைத் தொடும். சாதாரண வீடுகளின் கராஜ் கதவோ ஏழு அல்லது எட்டு அடிதான். எல்லாச் சிக்கலும் இந்த எளிய கணக்கிலிருந்தே தொடங்குகிறது. ஜான் ஸ்டைன்பெக் 1960 செப்டம்பரில், டோனா புயல் கடந்து சென்ற பிறகு, தன் நாயுடன் நாட்டைச் சுற்றிப் புறப்பட்டது இத்தகைய ஒரு வண்டியில்தான். டான் குயிக்ஸாட்டின் குதிரையின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார். இன்று அவர் ஒரு புதிய குடியிருப்பில் வசித்திருந்தால், பயணத்துக்கு முன்பே அந்த ரோசினாந்தேக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும்.

கடிதம் அனுப்புவது வீட்டு உரிமையாளர் சங்கம். அரசாங்கம் அல்ல, ஆனால் வரி போல மாதக் கட்டணம் வாங்கும், அபராதம் விதிக்கும், தேர்தல் நடத்தும். ஏழு கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் இத்தகைய சங்கங்களுக்குக் கீழே வாழ்கிறார்கள். இதன் விதிகள் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து மாவட்டப் பதிவேட்டில் ஏறியவை. வீடு கைமாறினாலும் விதி மாறாது, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்த உரிமையாளரையும் கட்டும். இதன் சட்ட வேரைத் தேடிப் போனால், லண்டனில் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தைப் பற்றிய 1848-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் சென்று நிற்போம்.

ஆர்.வி. விஷயத்தில் விதிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வாசலில் நிறுத்தக்கூடாது, பொருள் ஏற்றி இறக்க மட்டும் ஒரு நாளோ இரண்டு நாளோ விலக்கு. எரிவாயுவில் இயங்கும் அந்தக் குளிர்பதனப் பெட்டி முழுதாகக் குளிர்வதற்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் என்பதை விதி எழுதிய வழக்கறிஞர் அறிந்திருக்க நியாயமில்லை.

'கையெழுத்துப் போட்டுத்தானே வீடு வாங்கினாய், இப்போது ஏன் புலம்புகிறாய்?' என்பது சங்கத் தரப்பின் நிரந்தர பதில். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதமல்ல இது. நீதிமன்றங்களும் பெரும்பாலும் இந்தப் பக்கமே நின்றிருக்கின்றன. வீட்டைவிட்டு வெளியே வராத மூன்று பூனைகளை வளர்த்த ஒரு பெண்ணின் வழக்கில், பதிவான விதி நியாயமானது என்றே முதலில் கொள்ளவேண்டும் என்று கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. அவருடைய பூனைகள் யாருக்காவது தொல்லை தந்தனவா என்பது அங்கே முக்கியமாக இருக்கவில்லை. ஆனால் ஒரு பகுதியில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவை சங்கத்தோடு கூடவே விற்கப்படும்போது, அந்தக் கையெழுத்தை முழுமையான சம்மதம் என்று கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐம்பது, நூறு பக்க ஆவணத்தின் ஒரு துணைப்பிரிவை, கடன் ஒப்புதல் பரபரப்புக்கு நடுவே யார் வாசிக்கிறார்கள்?

இந்தக் கருவியின் பழைய பயன்பாடு ஒன்றையும் சொல்லவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேன்சஸ் நகரில் ஜே.சி. நிக்கல்ஸ் எழுப்பிய அழகான குடியிருப்புகளின் பத்திரங்களில், கறுப்பின மக்கள் அங்கே வசிக்கக்கூடாது என்ற விதி இருந்தது. வீட்டின் மதிப்பைக் காப்பது என்பதே அப்போதும் சொல்லப்பட்ட காரணம். 1948-இல் அத்தகைய விதிகளை நீதிமன்றம் நிறைவேற்றித் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1968-இன் சட்டம் மிச்சத்தைத் தடைசெய்தது. வண்டித் தடையும் இனவெறியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அது அபாண்டம். 'மதிப்பு' என்ற சொல் எதையும் நியாயப்படுத்தும் வல்லமை கொண்டது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நான் வசிக்கும் ஃப்ளோரிடாவில், எங்கள் தெருவில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முப்பதடி பழைய ஆர்.வி. ஒன்றை வைத்திருந்தார். 2022 செப்டம்பரில் இயன் புயல் அடித்து மின்சாரம் நின்றிருந்த நாட்களில், அக்கம்பக்கத்து மூன்று வீட்டாரின் இன்சுலின் அந்த வண்டியின் குளிர்பதனப் பெட்டியில்தான் இருந்தது. கைபேசிகளுக்கு மின்னேற்றியதும் அதன் ஜெனரேட்டரில்தான். அப்போது யாரும் அதன் இரைச்சலைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறு ஆண்டு வசந்தத்தில் அபராத நோட்டீஸ் வந்தது. அவர் சண்டை போடவில்லை. பதினெட்டு மைல் தள்ளி ஒரு வாடகைக் கொட்டடியில் வண்டியை விட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு அவரும் மனைவியும் பயணம் போனது குறைந்துவிட்டது.

எதிர்ப்பின் அடியில் இருப்பது அழகுணர்ச்சி மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. வாடகை கொடுக்க முடியாமல் வண்டிகளிலேயே வாழும் முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் 2017-இல் 'நோமாட்லேண்ட்' எழுதினார். பின்னர் அது படமாகவும் வந்தது. வாசலில் நிற்கும் ஆர்.வி. அந்த வாழ்க்கை நம் தெருவுக்கும் வந்துவிடலாம் என்பதை நினைவூட்டுகிறது. அதனால்தான் அது கண்ணை உறுத்துகிறது.

இனி ஃப்ளோரிடாவின் சட்டத் திருத்தத்துக்கு வருகிறேன். 2023-இல், வீட்டு முகப்பிலிருந்தும் அடுத்த மனையிலிருந்தும் கண்ணில் படாதவகையில் வைத்திருக்கும் பொருட்களைச் சங்கம் தடைசெய்யக்கூடாது என்று சட்டம் வந்தது. படகும் ஆர்.வி.யும் அதில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. (இப்போது கோல்ஃப் மைதானத்திலிருந்தும் தெரியக்கூடாதாம். பந்தை அடிக்கும்போது கவனம் சிதறும் போலிருக்கிறது.) பலர் இதை வெற்றி என்று கொண்டாடினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னிரண்டடி உயர வண்டியை எங்கே மறைப்பது? பல சங்கங்களில் வேலியே ஆறடிக்கு மேல் எழக்கூடாது. பரந்த மனையும் அடர்ந்த மரங்களும் உள்ளவருக்கு மட்டுமே இந்தச் சுதந்திரம் வாய்க்கும். ஐம்பதடி மனைக்காரருக்கு அது காகிதத்தில் மட்டும்தான். 2024-இல் பிக்கப் டிரக்கை வாசலில் நிறுத்துவதைத் தடுக்கக்கூடாது என்று மீண்டும் ஒரு சட்டம் வந்தது, ஆர்.வி.க்கு அந்தத் தயவு கிட்டவில்லை.

அண்டை வீட்டாருக்கு உண்மையான தொல்லையே இல்லை என்று நான் வாதிடவில்லை. நடைபாதையை மறித்து நிற்கும் வண்டி சக்கர நாற்காலிக்காரரைச் சாலையில் இறக்கிவிடும். முப்பதடிச் சுவர் போல நின்றால், பின்னோக்கிக் காரை எடுப்பவருக்குச் சைக்கிளில் வரும் குழந்தை தெரியாது. இரவு முழுவதும் ஜெனரேட்டரை ஓடவிடுபவரோடு யாராலும் வாழ முடியாது. இவற்றைத் தடுக்க விதி வேண்டும். ஆனால் எங்கள் சங்கத்தின் விதியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆர்.வி. 'தெரியக்கூடாது' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது.

இதில் சிக்கிக்கொண்டவர்கள் முதலில் செய்யவேண்டியது, மேலாளரின் மின்னஞ்சலை நம்பாமல் பதிவான மூல ஆவணத்தை வாசிப்பது. வாரியம் பின்னால் தானாக இயற்றிய விதிக்கும் அதற்கும் வேறுபாடு இருக்கலாம். ஆர்.வி. என்பதன் வரையறை என்ன, வேன் அதில் அடங்குமா என்று பாருங்கள். இதே விதியை மற்றவர்கள் மீறியபோது சங்கம் கண்டும் காணாமல் இருந்திருந்தால், தேதியோடு குறித்து வையுங்கள். பல நீதிமன்றங்களில் அது வாதமாக நிற்கும். ஃப்ளோரிடாவில் பதினான்கு நாள் முன்னறிவிப்பும், வாரியத்தில் இல்லாதவர்களும் வாரியத்தாரின் நெருங்கிய உறவினர் அல்லாதவர்களும் கொண்ட குழுவின் முன் விசாரணையும் இன்றி அபராதம் செல்லாது. ஆயிரம் டாலருக்குக் குறைந்த அபராதத்துக்காக வீட்டின்மீது உரிமை கோரவும் முடியாது. தபால்காரருக்கு இது எதுவும் தெரிந்திருக்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

எங்கள் ஆவணத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் வாக்கு வேண்டும். சென்ற ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். 'தெரியக்கூடாது' என்பதை நீக்கி, நடைபாதை, பார்வை மறைப்பு, இரவு இரைச்சல் ஆகிய மூன்றை மட்டும் சேர்க்கும் திருத்தத்தை எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை முப்பத்தொரு கையெழுத்துகள் கிடைத்திருக்கின்றன. இன்சுலின் வைத்திருந்த மூன்று வீடுகளில் இரண்டு கையெழுத்திட்டுவிட்டன. மூன்றாவது வீட்டார், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.