படை திரும்பும் மாலை

ஜனவரி 26 அன்று டெல்லி கடமைப் பாதையில் நாடு தன் படைபலத்தைப் பார்க்கிறது. பீரங்கிகளும் ஏவுகணைகளும் ஊர்ந்து போகின்றன. தலைக்கு மேல் போர் விமானங்கள் பறக்கின்றன. மூன்று நாள் கழித்து, 29-ஆம் தேதி மாலை, அதே பாதையின் மேற்குக் கோடியிலுள்ள விஜய் சவுக்கில் முப்படைகளின் பாசறை திரும்பும் நிகழ்ச்சி நடக்கிறது. அங்கே பீரங்கியும் இல்லை, ஏவுகணையும் இல்லை. பேண்டு வாத்தியக் குழுக்கள்தான் நிகழ்ச்சியே. 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவத்தின் மேஜர் ராபர்ட்ஸ் வடிவமைத்தது இது. பியூகிள் முழங்க, கொடிகள் மெல்ல இறங்கும். பேண்டுகளை நடத்தும் அதிகாரி விறைப்பாக நடந்துபோய்க் குடியரசுத் தலைவர் முன் நின்று, குழுக்களை அழைத்துச் செல்ல அனுமதி கேட்பார். சீருடை அணியாத ஒருவர் அனுமதி தந்த பிறகுதான் படை திரும்புகிறது. குடியரசு நாள் விழாக்களில் அரசியல் பொருள் மிகுந்த காட்சி இதுதான் என்று நினைக்கிறேன்.

அண்டை நாடுகளைப் பார்த்தால் இதன் அருமை புரியும். பாகிஸ்தானில் 1958-இலும் 1977-இலும் 1999-இலும் பாசறையை விட்டு வந்த படை ஆட்சியில் அமர்ந்துகொண்டது. மியான்மரில் 1962-இல் வந்த ராணுவம் அரை நூற்றாண்டு நகரவில்லை. பிறகு விலகுவதுபோல் விலகி, 2021-இல் மீண்டும் வந்துவிட்டது. இந்தியாவில் அப்படி ஒருநாளும் நடக்கவில்லை. அரசியல் சட்டம், தேர்தல்கள், படைக்குள்ளேயே ஊறிப்போன ஒழுங்கு என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு பேண்டு நிகழ்ச்சி ஜனநாயகத்தைக் காத்தது என்று சொன்னால் அது மிகை. ஆனால் அந்த ஒழுங்கை ஆண்டுக்கு ஒருமுறை ஊரறியச் செய்துகாட்டும் சடங்கு நம்மிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. இதே பெயரில் 1959 முதல் அட்டாரி - வாகா எல்லையில் நாள்தோறும் நடப்பதையும் பாருங்கள். காலைத் தலை உயரத்துக்குத் தூக்கி உதைப்பதும், இருபுறக் கூட்டத்தின் கூச்சலுமாக அது ஒரு பலப்போட்டியாகவே மாறிவிட்டது. கொடி அங்கேயும்தான் இறங்குகிறது, மனம் இறங்குவதில்லை.

எனவே விஜய் சவுக் மாலைக்கு அடங்கி ஒலிக்கும் இசை வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த வேலையைச் செய்துவந்தது ‘அபைட் வித் மீ’. 1847-இல், தன் மரணத்துக்குச் சற்று முன் ஹென்றி பிரான்சிஸ் லைட் எழுதி முடித்த பாடல். 1861-இல் வில்லியம் ஹென்றி மங்க் மெட்டமைத்தார். காந்திக்கு மிகவும் பிடித்த பாடல். அவர் சுடப்பட்ட நாளுக்கு முந்தைய மாலையில், பேண்டுகள் அதை நிதானமாக வாசிக்க, தள்ளி நிறுத்திய குழாய் மணிகள் பதில் சொல்லும். 2020-இல் அதை எடுத்துவிடப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்புக் கிளம்பி, அப்போது தப்பியது. 2022-இல் நீக்கிவிட்டார்கள். அதே மாலையில் 1,000 ட்ரோன்கள் பத்து நிமிடம் வானில் கோலம் போட்டன.

அந்நியர் பாட்டு நமக்கு எதற்கு என்பது முதல் கேள்வி. பிறப்பிடம்தான் அளவுகோல் என்றால் பியூகிளும் பேக்பைப்பும் அணிவகுப்பு நடையும் போயாக வேண்டும். படை திரும்பும்போது ஒலிக்கும் ‘சாரே ஜஹான் சே அச்சா’வை 1904-இல் எழுதிய இக்பாலை இன்று பாகிஸ்தான் தன் தேசியக் கவியாகக் கொண்டாடுகிறது, அதற்காக அந்தப் பாட்டை நாம் விட்டுவிடவில்லை, விடவும் கூடாது. மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்துக்கு ராம் சிங் தாக்குரி இசையமைத்த ‘கதம் கதம் படாயே ஜா’வை, அந்தப் படையை எதிர்த்துப் போரிட்ட ராணுவத்தின் வாரிசுகளே பெருமையோடு வாசிக்கிறார்கள். நல்ல இசையை நம் படை இப்படித்தான் தனதாக்கிக்கொண்டது. பாசறை திரும்பும் சடங்கின் வேரான, பொழுது சாய்ந்தால் போரை நிறுத்தும் வழக்கத்தையும் வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லித்தரவில்லை. குருக்ஷேத்திரத்தில் அதுதான் விதி. பதினான்காம் நாள் அந்த விதி மீறப்பட்ட இரவில்தான் கடோத்கசன் மாண்டான்.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. ‘அபைட் வித் மீ’யின் இடத்தில் வந்த ‘ஏ மேரே வதன் கே லோகோ’வும் துயரப் பாடல்தானே என்பார்கள். உண்மைதான். 1962 போரில் மாண்டவர்களுக்காகக் கவி பிரதீப் எழுதி, சி. ராம்சந்திரா இசையமைத்து, லதா மங்கேஷ்கர் பாடியது. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் அது களத்தில் விழுந்தவர்களை நினைத்து உயிரோடிருப்பவர்களை உசுப்பும் பாட்டு. பாசறை திரும்பும் மாலைக்கு வேண்டியது, ஆயுதத்தைக் கீழே வைத்தவனின் ஆறுதல். இரண்டுக்கும் இடம் தரலாம். ஒன்றை வைக்க மற்றொன்றை எடுக்கத் தேவையே இருக்கவில்லை.

இந்திய மெட்டுதான் வேண்டும் என்றாலும் எனக்குச் சண்டையில்லை. மாலைக்கென்றே பூர்வியும் மார்வாவும் யமனும் இருக்கும் நாட்டில் பொருத்தமான ராகத்துக்குப் பஞ்சமா? பச்மடியில் ராணுவத்துக்கென்றே இசைப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது; பேண்டுக்கு ஏற்றபடி அதை அமைக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேட்பது ஒன்றுதான்: கொடி இறங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடம் முரசும் ட்ரோனும் ஓயட்டும், அந்த நேரத்தில் ‘அபைட் வித் மீ’யையோ அதற்கு ஈடான ஓர் இந்திய மெல்லிசையையோ வாசியுங்கள்.