வரிசையில் நின்ற கடிதம்

வானொலி நிலையத்தில் ஒரு மாலை. ஏதோ கோபம். வேலையை விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதி, என் மேக் கணினியில் 'பிரிண்ட்' கொடுத்தேன். வரவில்லை. நான்கு முறை அழுத்திய பிறகுதான் பார்த்தேன், பிரிண்டரில் தாள் இல்லை. அதற்குள் கோபமும் ஆறிவிட்டது. கணினியை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் யாரோ பிரிண்டரில் தாள் நிரப்பியிருந்தார்கள். நான் கணினியைத் திறந்ததும் நான்கு கடிதங்களும் வரிசையாக வந்து விழுந்தன! பக்கத்தில் நின்றவர், எங்கள் மேலாளர்.

என்ன நடந்தது? மேக், லினக்ஸ் கணினிகளில் அச்சு வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' என்ற மென்பொருள். 1999இல் வெளிவந்தது. நாம் அனுப்புவது நேராகப் பிரிண்டருக்குப் போவதில்லை. முதலில் கணினியின் வட்டில் பதிவாகி, வரிசையில் நிற்கும். இதுதான் 'ஸ்பூலிங்'. முறை வந்ததும் 'ஃபில்டர்' எனும் சிறு நிரல்கள், மொழிபெயர்ப்பாளரைப் போல, பிரிண்டருக்குப் புரியும் மொழியில் அதை மாற்றிக் கொடுக்கும். வட்டில் இருப்பதால், கணினியை அடைத்தாலும் கடிதம் அழியாது.

ஆகவே நேயர்களே, அச்சு வரவில்லையென்றால் மறுபடியும் அழுத்தாதீர்கள். மேக்கில் திரையின் ஓரத்தில் தோன்றும் பிரிண்டர் படத்தைத் தட்டினால் வரிசை தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யுங்கள். சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை என்றால் இன்னும் கவனம்.

மேலாளர் நான்கையும் எடுத்துப் பார்த்தார். "ஒன்னு போதாதாம்மா?" என்றார். பிறகு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, கோபத்தின் காரணத்தைக் கேட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.