கோடைப் பயிற்சியில் இல்லாத பாடம்

கோடை விடுமுறை. பள்ளிக்கூடக் கதவு பூட்டியிருக்கும். ஆனால் வட்டார வள மையத்தின் வாசலில் இருசக்கர வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும். உள்ளே ஆசிரியர்களுக்குப் பயிற்சி. விடுமுறையின் நடுவிலோ, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன்போ இப்படிச் சில நாட்கள் பயிற்சி வைப்பதும், 'விடுமுறையிலும் விடமாட்டீர்களா?' என்று ஆசிரியர் சங்கங்கள் கேட்பதும் நமக்குப் புதிதல்ல.

ஆசிரியர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை, எமிஸ் பதிவு என்று ஆண்டு முழுவதும் அலைகிறவர்களை விடுமுறையிலும் கூப்பிட்டால் அதற்கு ஈடுசெய் விடுப்பு கொடுப்பதுதான் முறை. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நம் கேள்வி வேறு. அந்தப் பயிற்சியில் எதைச் சொல்லித் தருகிறார்கள்? எதைச் சொல்லித் தருவதே இல்லை?

சொல்லித் தருவது நிறைய. ஒன்று முதல் ஐந்து வரை எடுக்கும் ஆசிரியர்களுக்கு 'எண்ணும் எழுத்தும்'. 2022 ஜூன் மாதம் தொடங்கிய திட்டம் இது. கொரோனா காலத்தில் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் பிள்ளைகளுக்கு மீட்டுத் தருவது இதன் நோக்கம். பாட்டு, கதை, அட்டை, துணைக்கருவி என்று அதற்குப் பயிற்சிகள். மேல் வகுப்பு ஆசிரியர்களுக்குப் பாடவாரியாகப் பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சி, செயலிப் பயிற்சி, கணினிப் பயிற்சி. இவற்றை நாம் குறை சொல்லவில்லை. அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். ஆசிரியர் ஒரு புதிய முறையைக் கற்றுக்கொண்டு வந்தால் முதலில் பயனடைவது காலனிப் பிள்ளைதான்.

ஆனால் அந்தப் பிள்ளையை வகுப்பில் எங்கே உட்கார வைப்பது, எப்படிப் பெயர் சொல்லி அழைப்பது, அவன் மேல் ஒரு புகார் வந்தால், அவனே ஒரு புகார் சொன்னால் எப்படிக் கையாள்வது? கோடைப் பயிற்சியின் கால அட்டவணையில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்த்ததாக நமக்குத் தெரிந்த ஆசிரியர்கள் யாரும் சொல்லவில்லை.

பக்கத்து ஒன்றியத்து ஆசிரியை ஒருவர் எங்களிடம் சொன்னது இது. பயிற்சியின் கடைசி நாள், சந்தேகம் கேட்கும் நேரம். அவர் எழுந்து கேட்டிருக்கிறார்: "என் வகுப்பில் ஒரு பையன் காலனிப் பையன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். அவன் அப்பாவே வந்து இடத்தை மாற்றச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?" அரங்கம் அமைதியாகிவிட்டது. கருத்தாளர் சிரித்தபடி, "அது உங்க ஊர் விஷயம் மேடம், ஹெச்.எம். கிட்ட பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். கருத்தாளர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த கட்டகத்தில் அதற்குப் பதில் இல்லை, அவ்வளவுதான். மாநில அளவில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்துக்குச் சொல்வார், மாவட்டத்தில் பெற்றவர் வட்டாரத்துக்குச் சொல்வார். மேலே எழுதாத பாடம் கீழே எப்படி வந்து சேரும்?

எங்கள் தலைமுறைக்கு இந்தப் பாடத்தின் அருமை தெரியும். உதவித்தொகைப் படிவம் வரும் நாளில் வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு, "எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க" என்பார். எழுந்து நிற்போம். அதுவரை யார் எந்தத் தெரு என்று தெரியாமல் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த கூட்டாளிகளுக்கு அன்றைக்குத் தெரிந்துவிடும். மறுநாள் தண்ணீர்க் குவளை கை மாறும் விதம் மாறிவிடும். அந்த ஆசிரியர் எங்களைத் திட்டியதில்லை, அடித்ததில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் எழுப்பினார். ஒரு பிள்ளையை எழுந்து நிற்க வைப்பது அவனைக் காட்டிக்கொடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயிற்சி தேவை என்று நாம் சொல்வது இதனால்தான்.

'அதெல்லாம் அந்தக் காலம்' என்பவர்களுக்குப் பதிலை அண்மை ஆண்டுகளின் செய்தித்தாள்களே சொல்லும். 2018-இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டார்கள். நிர்வாகம் செய்த முதல் வேலை அந்தப் பெண்ணை இடமாற்றம் செய்தது. போராட்டம் நடந்த பிறகே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்ததற்காக ஒரு தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப் போன பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தர மாட்டோம் என்று கடைக்காரர் சொன்ன காட்சியை நாடே பார்த்தது. கடைக்கு முன் நின்ற அந்தப் பிள்ளைகள் மறுநாள் வகுப்புக்குத்தானே வந்திருப்பார்கள்? அன்றைக்கு ஆசிரியர் என்ன பேச வேண்டும்?

2023 ஆகஸ்ட் 9-ஆம் நாள் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பிளஸ் டூ படித்த தலித் மாணவன் ஒருவன், உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கு வராமல் நின்றான். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தது. தொல்லை கொடுத்தவர்களைப் பற்றிப் புகார் சொல்லப்பட்டது. அதன் பிறகே அரிவாள் வீடு தேடி வந்தது. தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். மறு ஆண்டு அதே மாணவன் பொதுத் தேர்வில் 469 மதிப்பெண் எடுத்தான் என்பது நம் பிள்ளைகளின் மன உறுதிக்குச் சாட்சி.

இதில் ஆசிரியர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. வராத மாணவனை ஏன் வரவில்லை என்று கேட்டது சரியான செயல். ஆனால் புகார் வந்த பிறகு என்ன செய்வது? யாரை முதலில் அழைப்பது? புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே போகாமல் எப்படிக் காப்பது? காவல் நிலையத்துக்கும் குழந்தைகள் நல அலுவலருக்கும் எப்போது சொல்வது? இவையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டிய திறன்கள். பின்னக் கணக்கை எப்படி நடத்துவது என்பதற்குப் பயிற்சி தேவைப்படும்போது இதற்குத் தேவைப்படாதா?

நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூன் மாதம் அறிக்கை முதலமைச்சரிடம் தரப்பட்டது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றித் திலகம் பற்றிய பரிந்துரைகளை வைத்துத்தான் வெளியே சண்டை நடந்தது. ஆசிரியர்களைப் பற்றி அந்த அறிக்கை சொன்னவை அந்தச் சத்தத்தில் கரைந்து போயின. மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும் குறிப்பு இருக்கக் கூடாது, ஆசிரியர் தேர்விலேயே சமூக நீதி குறித்த மனப்பான்மையைக் கணக்கில் எடுக்க வேண்டும், சாதிப் பாகுபாடும் அது தொடர்பான சட்டங்களும் பற்றி ஆண்டுதோறும் கட்டாய வகுப்பு நடத்த வேண்டும், ஆசிரியர் கல்விப் பாடத்திட்டத்தையே திருத்த வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கோடைப் பயிற்சிக்குக் கட்டகம் எழுதுகிறவர்கள் வேறெங்கும் போக வேண்டாம். அந்த அறிக்கையைத் திறந்தாலே போதும்.

'ஆசிரியருக்கு இதுவும் ஒரு சுமையா?' என்று கேட்கலாம். இது புதிய சுமையல்ல, ஏற்கெனவே சட்டம் சுமத்திய கடமை. நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 8, 9-ஆம் பிரிவுகளில் அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சொல்கிறது. உடலுக்கும் மனதுக்கும் வதை தரும் தண்டனையை 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டத்தை நிறைவேற்றும் கை ஆசிரியரின் கை. அந்தக் கைக்குப் பழக்கம் தர வேண்டாமா?

முடியாத காரியமும் அல்ல. பிள்ளைகள் மீதான பாலியல் வன்கொடுமை பற்றிப் பள்ளியில் பேசுவதே தவறு என்று இருந்த காலம் உண்டு. இன்று 1098, 14417 ஆகிய உதவி எண்கள் பாடநூலிலேயே அச்சாகின்றன. போக்சோ சட்டம் பற்றி ஆசிரியர்களிடம் பேசுகிறார்கள். அரசு முடிவெடுத்தது, நடந்தது. சாதி என்றால் மட்டும் ஏன் எல்லோரும் 'ஊர் விஷயம்' என்று நழுவுகிறார்கள்?

தமிழ் படித்தவர்களுக்கு நன்னூலின் பாயிரம் நினைவிருக்கும். நல்லாசிரியருக்கு உவமையாக நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு நிறைகோலையும் வைத்தார் பவணந்தி முனிவர். எந்தப் பக்கமும் சாயாத தராசு. ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் சொன்ன உவமைகளில் ஒன்று முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றி வளர்ப்பது ஒரு வீடு, வளைந்து போய்க் காய் போடுவது பக்கத்து வீட்டில். நம் பிள்ளைகளின் எண்ணிக்கையால் உயிர் வாழும் பள்ளிகளில் இன்றும் சில முடத்தெங்குகள் நிற்பதை நாம் பார்க்கிறோம். ஆனால் மரத்தின் வளைவை நிமிர்த்த முடியாது, மனிதரின் சாய்வை நிமிர்த்தலாம். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் பயிற்சி என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

நாம் ஆசிரியர்களுக்கு எதிரிகள் அல்ல. நம் வரலாற்றில் ஆசிரியர்களுக்குப் பெரிய இடம் உண்டு. 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய சாவித்திரிபாய் பூலே, முறையாக ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நம் குரலாக ஒலித்த எம்.சி. ராஜா பள்ளி ஆசிரியராக இருந்தவர். சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் சுவாமி சகஜானந்தா தொடங்கிய கல்விப் பணி எத்தனையோ சேரிகளில் விளக்கேற்றியது. இன்று பட்டம் பெற்று நிற்கும் நம் ஒவ்வொருவரின் பின்னாலும், "நீ படிப்படா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன ஓர் ஆசிரியர் இருக்கிறார். அப்படிப்பட்டவர் எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை. அதிர்ஷ்டத்தால் கிடைக்கும் நல்லாசிரியரை எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கச் செய்யும் வழிக்குப் பெயர்தான் பயிற்சி.

இந்தப் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு மட்டும் உதவுவதும் அல்ல. ஆசிரியர் வேலை கிடைத்து வெளியூர் போன தலித் ஆசிரியர், 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாடகை வீடு பிடிக்க முடியவில்லை. ஆசிரியர் அறையிலும் தனி டிபன் பாக்ஸ், தனிப் பேச்சு. அரிவாள் தூக்கிய மாணவனும் ஒரு பள்ளியின் பிள்ளைதான். அவன் கைக் கயிற்றுக்குப் பின்னால் இருந்து அவனைத் தூண்டுகிறவர் யார் என்று கவனித்திருந்தால் அவன் வாழ்க்கையும் தப்பியிருக்கும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். கோடைப் பயிற்சியில் ஒரு முழு நாள் சாதிப் பாகுபாட்டுக்கு ஒதுக்க வேண்டும். அது சட்டப் பிரிவுகளை ஒப்பிக்கும் சொற்பொழிவாக இல்லாமல், உட்காரும் இடம், உதவித்தொகைப் படிவம், துப்புரவு வேலை, சத்துணவு வரிசை, புகார்க் கடிதம் என்று வகுப்பில் நடக்கும் நிகழ்வுகளை வைத்து ஆசிரியர்களே பேசிப் பழகும் நாளாக இருக்க வேண்டும். கருத்தாளர்களில் தலித் ஆசிரியர்களும் பழங்குடி ஆசிரியர்களும் இருக்க வேண்டும். கைப்பேசியில் காணொளியை ஓடவிட்டுச் சான்றிதழ் வாங்கும் வேலையாக இதை ஆக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் குறுவள மையக் கூட்டங்களில் இதே பேச்சு தொடர வேண்டும். பாகுபாட்டைத் தடுத்த ஆசிரியர் ஊராரின் கோபத்துக்கு ஆளானால் துறை அவர் பக்கம் நிற்கும் என்ற உறுதியையும் அந்த அரங்கிலேயே தர வேண்டும்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கூடும் முதல் கூட்டத்துக்கு நம் தெருப் பெண்கள் போக வேண்டும். "இந்தக் கோடையில் என்ன பயிற்சி எடுத்தீங்க சார்? அதுல எங்க பிள்ளைகளைப் பத்தி என்ன பேசினாங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்ட கேள்வியையும் கிடைத்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பி.எட். படிக்கும் தம்பி தங்கைகள், பயிற்சியின் கால அட்டவணையையும் கட்டகத்தையும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி கேட்டுவிட்டுத் தனியாக நின்ற அந்த ஆசிரியை இந்த ஜூனிலும் அதே வகுப்புக்குள் போவார். பக்கத்தில் உட்கார மாட்டேன் என்ற பையனும், யார் பக்கத்திலும் உட்கார இடம் கிடைக்காத பையனும் அங்கே இருப்பார்கள். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் பொறுப்பு கல்வித் துறைக்கு இருக்கிறது. அதை எழுத வைக்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.