உதகையில் வீடு எங்கே வாங்கலாம்?

கோடை வந்துவிட்டால் உதகமண்டலத்துத் தரகர்களுக்கு ஓய்வில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வந்து நிற்கின்றன. பெர்ன்ஹில்லில் வாங்கலாமா, லவ்டேலில் வாங்கலாமா, கேத்திப் பக்கம் போகலாமா, எந்த ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்பதே வருகிறவர்களின் கேள்வி.

வீடு வாங்குவது குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆயுள் முழுவதும் உத்தியோகம் பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு சிறு வீடு தேடும் குமாஸ்தாவோ ஆசிரியரோ நமக்கு விரோதியல்ல. அவர் ஏமாந்துவிடக் கூடாது என்றே நாம் விரும்புகிறோம்.

மலையில் இடம் பார்ப்பது சமவெளியில் பார்ப்பது போலன்று. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிந்து வந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். மார்கழி, தை மாதங்களில் காந்தலிலும் தலைகுந்தாவிலும் உறைபனியால் புல் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். சரிவில் வாங்கினாலோ மழை பயம். பொக்லைன் வைத்து மலையைச் செங்குத்தாக வெட்டி, மண்ணைக் கீழே தள்ளி, ஓடையை மூடிச் சமன் செய்த மனைக்கு அடியில் பிடிப்பு ஏது? 2009 நவம்பரில், அழகுக்குப் பேர்போன அதே கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் நீலகிரி ஜில்லாவெங்கும் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகவே தரகர் காட்டும் காட்சியில் மயங்க வேண்டாம். மழைக்காலத்தில் வந்து தண்ணீர் எவ்வழி ஓடுகிறதென்று பாருங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளியைக் கேளுங்கள். எந்த மண் நிற்கும், எது நிற்காது என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் தெரிந்தும் அவருக்கு என்ன பயன்? அந்தப் பங்களாவைக் கட்டும் கொத்தனாரையும், கல் சுமக்கும் பெண்ணையும், தேயிலை பறிப்பவரையும் எந்தத் தரகரும் ‘எந்த இடம் வேண்டும்’ என்று கேட்பதில்லை. மனை விலை ஏற ஏற, வாடகையும் ஏறி, அவர்கள் சரிவின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறார்கள். அவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது வறுமை ஒன்றே!

மூணாறும் உல்லாச நகரம்தான். அதனருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து, லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேரை விழுங்கிற்று. பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அந்த இடத்தை அவர்களா தேர்ந்தெடுத்தார்கள்? தோட்டம் காட்டிய இடத்தில் குடியிருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் வேறு எங்கே போவது?

இது இன்று வந்த வியாதியல்ல. தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் கோவைக் கலெக்டர் சல்லிவன் 1822இல் கல் பங்களா எழுப்பத் தொடங்கிய காலம் தொட்டு நல்ல இடமெல்லாம் துரைமார்களுக்கு, மிச்சம் கூலிக்காரர்களுக்கு என்றே இருந்து வந்திருக்கிறது. துரைமார் போனார்கள், ஏற்பாடு போகவில்லை.

சட்டம் இல்லையா? மலை நகரங்களுக்கான கட்டட விதிகள் 1993 முதல் இருக்கின்றன. ஏழை ஒரு சுவர் எழுப்பினால் அவை உடனே விழித்துக்கொள்கின்றன. ஆனால் மசினகுடிப் பக்கம் யானைத் தடத்தில் எழுந்த உல்லாச விடுதிகளுக்குச் சீல் விழ, 2018இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இதுவா சமநீதி?

சர்க்காரை நாம் கேட்பது இதுதான். ஆபத்தான சரிவுகளின் பட்டியலைத் தமிழில் எழுதி ஒவ்வொரு நகராட்சி, ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். அங்கே வாழும் குடும்பங்களுக்கு, வேலைக்கு நடந்து போகும் தூரத்திலேயே, உறுதியான நிலத்தில் பட்டாவும் வீடும் கொடுங்கள். வருஷத்தில் பத்து நாள் திறந்து மீதி நாள் பூட்டிக் கிடக்கும் மாளிகைகளுக்குக் கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தை இதற்குச் செலவிடுங்கள். விதியைப் பெரியவனுக்கும் சிறியவனுக்கும் ஒன்றாக அமல் நடத்துங்கள்.

நீலகிரித் தொழிலாளர்கள் ஒன்றுபட்டு இக்கோரிக்கைகளை எழுப்ப வேண்டும். அங்கே வீடு வாங்க வரும் நடுத்தர மக்களும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும். மேலே வெட்டிய மண்தான் கீழே உள்ளவன் கூரைமீது விழுகிறது. கீழே மண் போனால் மேலே உள்ள வீடும் நிற்காது. அடுத்த மழை வரும் வரை காத்திருக்க முடியாது!